பாதி அப்பா, முழு மாமா

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, கல்யாணத்தன்னிக்கு பாத பூஜை உங்களுக்கும் அம்மாவுக்கும் பண்ணி முடிச்சதும், சேகர் மாமாவையும் உட்கார வெச்சு அவருக்கும் பண்ணலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஓகேதானே?" தட்டில் மோர்ச்சோறு மிச்சமிருக்கும்போதே எழுந்து, மோட்டார் போட வேண்டும் என்று சொல்லி மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். தொட்டி நிரம்பித்தான் இருந்தது. நீ வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டுக் கீழே வந்து, "ஹெல்மெட் போட்டுக்கோடா" என்றேன். நீயும் போட்டுக்கொண்டு மேடவாக்கத்துக்குக் கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு தினமும் போனில் பேசுகிறோம். மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றிப் பேசுகிறோம், நிவேதாவின் அப்பா ஏற்பாடு செய்திருக்கும் நாதஸ்வரக்காரர்களைப் பற்றிப் பேசுகிறோம், தாம்பரத்தில் பெய்த மழை மேடவாக்கத்தில் பெய்ததா என்று விசாரித்துக்கொள்கிறோம். அந்தக் கேள்வியை நீ திரும்பக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கத்துவதுதான். இது அப்படிக் கத்திச் சொல்கிற சமாச்சாரம் இல்லையே என்று உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அப்பன் சொல்ல வேண்டிய புத்திமதியும் அங்கங்கே வரும், பொறுத்துக்கொள்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மாமாவின் மேல் பொறாமை. லேசான பொறாமை என்று நினைக்காதே, வயிறு எரிகிற பொறாமை. தாய்மாமன் என்ற பதவியை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அவர்கள் நிச்சயம் ஆண்பிள்ளை பெற்ற அப்பன்களாக இருந்திருக்க மாட்டார்கள். உனக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது நீ உட்கார்ந்தது அவன் மடியில். நான் பக்கத்தில் கற்கண்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊசி ஏறியதும் நீ அலறிக்கொண்டு கட்டிப்பிடித்தது அவன் கழுத்தை. அந்தப் போட்டோவைப் பார்த்தாயானால், அவன் முகம், உன் முகம், ஆசாரியின் கை எல்லாம் தெளிவாக விழுந்திருக்கும். என் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். அன்றைக்கே ஆரம்பித்தது இது.

நிவேதாவும் இதைப் படிப்பாள் என்பதால் உறவை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சேகர் உன் அம்மாவின் தம்பி. எனக்கு அத்தை மகன். என் அப்பாவுடைய தங்கையின் பிள்ளைகள்தான் அவர்கள் இருவரும். நான் அத்தை மகளைக் கட்டிக்கொண்டவன். அவனுக்குப் பம்மலில் ஒரு லேத் பட்டறை, கீழ்க்கட்டளையில் ஒரு வீடு. பெண் பார்க்கப் போன இடமெல்லாம் ஏதாவது ஒன்று தட்டிப்போய், கடைசியில் அவனே போதும் என்று விட்டுவிட்டான். ஒண்டிக்கட்டை. ஞாயிறு ஆனால் நம் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு, போன வாரம்தான் வரவில்லை. உடம்பு என்று பார்த்தால், நான் இன்றைக்கும் விடிந்ததும் ஏரிக்கரை வரை ஓடிவிட்டு வருகிறவன். அவன் பட்டறையிலிருந்து எதிரே இருக்கும் டீக்கடைக்கு ஸ்கூட்டரில் போகிறவன். பரோட்டாவும் தொப்பையுமாக இருக்கிற ஆள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உடம்பைப் பொறுத்தவரை அவன் என்னை ஜெயிக்க முடியும் என்று எனக்குக் கனவில்கூடத் தோன்றியதில்லை.

நீ கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது உன் காலெல்லாம் நீலத் திட்டுகள் வந்தன. கிரிக்கெட்டில் பந்து பட்டது என்றாய், நானும் நம்பினேன். பிறகு பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாய். யாரோ ஒரு பூக்காரம்மா உன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் செய்கிற இடம், அது வேலையை நிறுத்திவிட்டது என்றார் டாக்டரம்மா. நிறுத்த வைத்தது யார் என்று கேட்டேன். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, அவனுடைய டி செல்களே செய்த வேலை என்றார். என் பிள்ளையின் உடம்பு, என் பிள்ளையின் செல்கள். எனக்குக் கோபம் யார்மேல் வர வேண்டும் என்றே புரியவில்லை.

டி செல் என்றால் என்ன என்று அவர் மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். நான் அதை என் பாணியில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். அவை பிறப்பது மஜ்ஜையில். ஆனால் பிறந்ததும் வேலைக்கு அனுப்புவதில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவை மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பிக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தத் தைமஸின் ஆங்கில முதல் எழுத்துதான் டி. அங்கே ஒவ்வொரு செல்லும் தன் மேல் ஒரு கொக்கியைச் செய்துகொள்ளும். ஒன்றின் கொக்கி மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. எந்தக் கிருமி எந்த வடிவத்தில் வரும் என்று தெரியாதே, அதனால் எல்லா வடிவத்திலும் செய்து வைப்பார்கள். அப்புறம் செலக்‌ஷன். நம் உடம்பு செல்களின் மேல் இருக்கும் அடையாளத்தைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தெரியாதவனுக்கு வேலை இல்லை, அங்கேயே முடிந்தான். நம் உடம்பையே பார்த்து வெறியோடு பாய்கிறவனும் முடிந்தான். அந்தப் பாய்கிறவர்களில் சிலரை மட்டும் விட்டுவைத்து, மற்றவர்களை அடக்கி வைக்கும் வேலைக்குத் தயார் செய்வார்கள். உள்ளே போனவர்களில் வெளியே வருகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். வெளியே வந்ததும் ஆளுக்கொரு வேலை. ஒருவன் எதிரியைப் பார்த்ததும் மற்றவர்களைக் கூப்பிட்டுத் தூண்டிவிடுவான். ஒருவன் கிருமி புகுந்த செல்லிடம் நேராகப் போய் அதைக் கொன்றுவிட்டு வருவான். சண்டை ஓய்ந்த பிறகும் சிலர் அந்த எதிரியின் முகத்தை மறக்காமல் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். பள்ளிக்கூட கபடி அணிக்கு நான் ஆள் எடுத்த விதத்தைப் பார்த்து என்னைக் கல்நெஞ்சன் என்றவர்கள் உண்டு. தைமஸுக்கு முன்னால் நான் பச்சைப்பிள்ளை. உன் விஷயத்தில் வெளியே வந்தவர்களில் சிலர் புத்தி கெட்டு, அடக்கி வைக்க வேண்டியவர்களும் அசந்துபோய், எல்லோருமாகச் சேர்ந்து சொந்த மஜ்ஜையை அடித்து நொறுக்கிவிட்டார்கள். "ஏன் டாக்டர்?" என்றேன். "பல நேரம் காரணம் தெரியறதில்ல சார்" என்றார்.

உனக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். நம் இருவருக்கும் பி நெகட்டிவ். எளிதில் கிடைக்காத குரூப். நீ பிறந்த அன்று நர்ஸ் வந்து உன் குரூப்பைச் சொன்னபோது, உன் முகம் உன் அம்மா ஜாடை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருத்தம் எனக்கு அந்த நிமிடமே போயிற்று. அவளுக்கு முகம், எனக்கு ரத்தம் என்று பங்கு பிரித்துக்கொண்டேன். டாக்டரம்மா என் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். "சொந்தக்காரங்க ரத்தம் வேண்டாம் சார். மஜ்ஜை மாத்த வேண்டி வரலாம். இப்பவே உங்க ரத்தம் உள்ள போச்சுன்னா, குடும்பத்து அடையாளத்தை அவன் உடம்பு எதிரின்னு பதிஞ்சு வெச்சுக்கும். அப்புறம் குடும்பத்துல யார் மஜ்ஜை கொடுத்தாலும் அது ஏத்துக்காது." முகம் தெரியாத யார் யாரோ கொடுத்தார்கள். நான் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

அடுத்தது பொருத்தம் பார்த்தது. உனக்கு அண்ணன் தம்பி கிடையாது. எனக்கும் உன் அம்மாவுக்கும் பார்த்தார்கள். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு ஆளுக்குப் பாதி அடையாளம்தான் போகும் என்பதால், எந்த அப்பனும் எந்தப் பிள்ளைக்கும் பெரும்பாலும் பாதிதான் பொருந்துவான். டாக்டரம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்க பாதிதான் மேட்ச் சார்." எனக்கு அது சாதாரணமாக இல்லை. பிறகு அவர் உன் அம்மாவைப் பார்த்து, "சொந்தத்துல கல்யாணமா?" என்றார். ஆமாம் என்றதும், "அப்போ உங்க கூடப் பிறந்தவங்களுக்கும் பார்த்துடலாம்" என்றார். சேகர் பட்டறைக் கிரீஸோடு வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மாவின் முகமே மலர்ந்திருந்தது. முழுப் பொருத்தம். எப்படி என்று கேட்டேன். நீ என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட பாதி, எனக்கு என் அப்பாவிடமிருந்து வந்தது. அதே பாதி என் அப்பாவின் தங்கையிடமும் இருந்திருக்கிறது, அவர் வழியாக அவர் மகன் சேகருக்குப் போயிருக்கிறது. உன் அம்மாவிடமிருந்து நீ வாங்கிக்கொண்ட பாதியோ அக்கா தம்பி இருவருக்கும் பொதுவாக அவர்கள் அப்பாவிடமிருந்து வந்தது. ஆக, என் பாதியும் அவனிடம், உன் அம்மாவின் பாதியும் அவனிடம். என்னிடம் என் பாதி மட்டும். என் வீட்டுச் சொத்தைக்கூட எனக்கு முன்னால் அவன் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். என் பிள்ளை பிழைக்கப் போகிறான் என்று உன் அம்மா அழுகிறாள், நான் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவன் அன்றைக்கு அடித்த கூத்து உனக்கு நினைவிருக்கும். டாக்டரம்மா டி செல், டி செல் என்று சொல்லிக்கொண்டே போனதை அவன் டீ என்று எடுத்துக்கொண்டுவிட்டான். "இன்னா மச்சான், டீ செல்லுதான் முக்கியம்னு டாக்டரம்மா சொல்றாங்க. பம்மல்ல என்ன வுட்டா டீ குடிக்கிறவன் எவன் கீறான்? அதான் எனுக்கு மேட்ச் ஆயிட்ச்சு!" என்றான். சொன்னதோடு விட்டானா? உனக்கு நல்ல சரக்காகப் போய்ச் சேரட்டும் என்று, மஜ்ஜை எடுக்கும் நாள் வரைக்கும் ஒன்றுக்கு இரண்டாக டீ குடித்தான். நான் தைமஸ் என்று ஆரம்பித்து அழகாக விளக்கினேன். "அப்போ டீக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லயா? பேஜாரா கீதே" என்று தலையைச் சொறிந்தான். வாய்ப்புண்ணோடு படுத்திருந்த நீ, வலியை மறந்து சிரித்தாய். மாதக்கணக்கில் நீ சிரித்தது அன்றைக்குத்தான். பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவன் நான், சிரிக்க வைத்தவன் அவன். அந்தச் சிரிப்பு என் பக்கம் வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

குதிரை உடம்பிலிருந்து எடுத்துச் செய்த மருந்து ஒன்றைக் கொடுத்து உன் பழைய டி செல்களை ஒழித்தார்கள். உன் அம்மா மட்டும் உன்னோடு, கிருமி நுழையாமல் அடைத்த அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்தாள். நான் வெளியே நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன். சேகரை மயக்கத்தில் படுக்க வைத்து, இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சினார்கள். அது சாதாரண ரத்தப் பை மாதிரிதான் இருந்தது, சொட்டுச் சொட்டாக உனக்குள் இறங்கியது. நான் பை காலியாகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் நீ போனில் என்னிடம் முதலில் கேட்டது, "மாமாவுக்கு வலிக்குதாப்பா?" நான் கீழ்மாடிக்குப் போய் அவனைப் பார்த்தேன். "இடுப்பு புட்ச்சிகினு கீது மச்சான், வேற ஒண்ணும் இல்ல. ஏறிட்ச்சா புள்ளைக்கு?" என்றான். ஏறிவிட்டது என்றேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

சில வாரங்களில் உன் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தடித்தன, உடம்பெல்லாம் அரித்தது. மஜ்ஜையோடு சேர்ந்து சேகரின் பழைய டி செல்களும் கொஞ்சம் வந்திருக்கின்றன. அவை அவனுடைய தைமஸில் பயிற்சி எடுத்தவை. எவ்வளவு பொருத்தம் பார்த்தாலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அதைக் கண்டுபிடித்து உன்னை அந்நியன் என்று கடிக்கின்றன என்றார் டாக்டரம்மா. நான் இப்போது எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. அதைக் கேட்டபோது என் மனசின் ஒரு மூலை, 'பார், உன் அருமை மாமாவின் லட்சணத்தை' என்றது. ஒரு விநாடிதான். அடுத்த விநாடி உன் கையைப் பார்த்தேன், இதற்கு என்ன மருந்து என்று டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். மருந்தில் அது அடங்கியது. அடக்கி வைக்கிற செல்களும் மெல்ல மெல்லப் பெருகி, புதிதாக வந்தவர்களுக்கு இந்த உடம்பை விட்டுக்கொடுத்து வாழக் கற்றுக்கொடுத்தன. உனக்குள் நடந்த சமாதானம் எனக்குள் நடக்கவில்லை.

நடக்கவிடாமல் இன்னும் இரண்டு விஷயங்கள் வந்தன. பழைய செல்கள் போனதோடு அவற்றின் ஞாபகமும் போய்விட்டதால், குழந்தையில் போட்ட தடுப்பூசிகளையெல்லாம் திரும்பப் போட வேண்டும் என்றார்கள். உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் வரிசையில் நின்று போட்டுவந்த ஊசிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் நீ அழுத அழுகை எனக்கு ஞாபகம் இருக்கிறது, உன் உடம்புக்கு இல்லை. இரண்டாவது முறை போடத் தொடங்கியபோது எனக்குப் பள்ளியில் விளையாட்டு விழா. உன்னை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனவன் யார் என்று உனக்கே தெரியும். கைக்குழந்தைகளுக்கு நடுவில் மீசை வைத்த நீ உட்கார்ந்திருந்ததையும், அவன் உனக்குப் பலூன் வாங்கிக் கொடுத்ததையும் நீங்கள் இருவரும் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். இன்னொன்று, உன் குரூப் மாறியது. ரத்தம் செய்கிற இடமே அவனுடையதாகிவிட்டதால் நீ ஓ பாசிட்டிவ் ஆனாய். "மாப்ள, இப்ப நீயும் நானும் ஒரே குரூப்புடா" என்று அவன் உன் முதுகில் தட்டினான். நான் பிரித்து வைத்திருந்த பங்கும் போயிற்று.

தாங்காமல் ஒருநாள் தனியாகப் போய் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "அப்போ இவனுக்குள்ள இருக்கிற டி செல்லெல்லாம் இனிமே இவன் மாமாவோடதுதானா?" எனக்கு என்ன தேவைப்படுகிறது என்று அவர் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். "விதை அவரோடது சார். ஆனா புதுசா பொறக்கிற செல்லெல்லாம் உங்க பையனோட தைமஸுக்குப் போய்த்தான் படிக்கணும். எது நம்மது, எது அந்நியம்னு அங்கதான் கத்துக்கும். இந்த வயசுல தைமஸ் கொஞ்சம் சுருங்கியிருக்கும், மெதுவாத்தான் நடக்கும். ஆனா நடக்கும்." எனக்கு ஓடிவந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிள்ளைகள் யாருடையதாக இருந்தால் என்ன, பள்ளிக்கூடம் நம்முடையது! வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இதக் கேக்கத்தான் பஸ் ஏறிப் போனீங்களா? அந்தத் தைமஸுலயும் பாதி என்னோடதுங்க" என்றாள்.

புத்திமதி சொல்வதாகச் சொன்னேன் அல்லவா, இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆனபின் உன் வீட்டுக்குள்ளும் யார் நம்மவர், யார் அந்நியர் என்று தினமும் ஒரு சோதனை நடக்கும். நிவேதா அவள் அண்ணனோடு போனில் விழுந்து விழுந்து சிரிப்பாள். உன்னிடம் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். உனக்கு எரியும். எரிந்தால் எரிகிறது என்று அவளிடமே சொல்லிவிடு, மொட்டை மாடிக்கு ஏறாதே. நம் குடும்பத்தில் சண்டைக்கு ஆள் கூட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, பழசை மறக்காதவர்களுக்கும் பஞ்சமில்லை. அடக்கி வைக்கிற ஆள் உன் அம்மா ஒருத்திதான், அவளும் களைத்துவிட்டாள். அந்த வேலையை நீங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மேடவாக்கத்தில் லாரித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகாதே. இதையெல்லாம் நான் தினமும் சொல்கிறேன், இருந்தாலும் எழுதியும் வைக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் சேகர் வந்தான். நீ கேட்டதை உன் அம்மா அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான். "இன்னாக்கா பேசற நீ? மச்சான், நீ அவன்கிட்ட சொல்லிடு. என் காலத் தொட்டான்னா நான் மண்டபத்து பக்கமே வரமாட்டேன். அது பெத்தவங்களுக்கு செய்றது. ஜோடியா குந்தவெச்சு செய்றது. நான் ஒத்த ஆளு, நான் இன்னா பெத்தனா?" அன்றைக்குச் சாப்பாட்டிலிருந்து எழுந்து போகும்போது நான் உன்னிடம் சொல்ல நினைத்த பதிலும் அதேதான். ஜோடி இல்லாதவரை உட்கார வைப்பது வழக்கமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அதை அவன் வாயாலேயே கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வேண்டாம் என்று சொல்வதிலும் அவனே பெரிய மனுஷன் ஆகிவிட்டானே என்றுதான் எரிந்தது.

கிளம்பும்போது வழியனுப்ப கேட் வரை போனேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்தவன் சாவியைத் திருகாமல் இருந்தான். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத மச்சான். மாப்ள அப்டி கேட்டான்னு அக்கா சொன்னப்போ எனுக்கு அப்டியே ஜில்லுனு ஆயிட்ச்சு. அதான் வேணாங்குறேன். அப்பறம் ஆசை வந்துடும். உன்னப் பாத்தா எனுக்கு எப்பவுமே வவுத்தெரிச்சல்தான், தெரியுமா உனுக்கு? அவன் ஒடம்புல ஓடறது என் ரத்தம்னு ஊரே சொல்லுது. ஓடி இன்னா பிரயோசனம்? காய்ச்சல்னா அவன் போன் போடறது உனுக்குத்தான. ஒரு தபா கூட எனுக்கு போட்டதில்ல. நீ 'போட்டுட்டியாடா மாத்தர'ன்னு அவன திட்டுவ பாரு, அத நான் பக்கத்துல குந்திகினு கேட்டுகினு இருப்பேன். எனுக்குத் திட்டறதுக்கு ஊட்ல யாரு கீறா?" அதற்குள் தெருவில் தண்ணீர் லாரி வந்துவிட்டது. அவன் வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது, அப்படியே கிளம்பியும் போய்விட்டான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் காது குத்திலிருந்து நான் அவனைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறேன். அவன் அத்தனை வருடமும் நம் சாப்பாட்டு மேஜையில் என் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறான். எனக்கு இது ஒருநாளும் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். செய். ஜோடி இல்லையே என்று புரோகிதர் இழுத்தால் நான் பேசிக்கொள்கிறேன். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தால் அவர்களுக்கும் நானே பதில் சொல்கிறேன். அவன் வரமாட்டேன் என்று முரண்டு பிடிப்பான். அவன் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைப்பது என் வேலை. ஆனால் முதலில் எங்களுக்கு. அதில் அவசரம் காட்டாதே. உன் அம்மா காலையும் என் காலையும் நிதானமாகக் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நாங்கள் உன் தலையில் கை வைத்து எழுந்த பிறகுதான் அவன் முறை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், என்னால் முடியாது. அவனுக்கும் அதே மாதிரி, ஒரு குறையும் வைக்காமல் செய். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவன் காலைக் கழுவும்போது என் முகத்தைப் பார்க்காதே.

அப்பா